பாலே நடனம்: ஆடுபவர்களுக்கு அது என்ன, ஆட விரும்புபவர்களுக்கு அது எட்டுமா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலே வகுப்பில் சேர நினைப்பவர்களும், பிள்ளைகளைச் சேர்க்க விரும்பும் பெற்றோரும், ஆடும் எண்ணம் இல்லாமல் பார்த்து ரசிக்க மட்டும் விரும்புபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. இந்தக் கேள்விகளில் பெரும்பாலானவற்றின் அடியில் ‘இது என்னைப் போன்றவர்களுக்கு உரியதுதானா?’ என்ற தயக்கம் இருப்பதைக் கவனித்திருக்கிறேன். அந்தத் தயக்கத்துக்கு நியாயமான காரணங்கள் உண்டு என்பதால் அதை மழுப்பாமல் பதில் சொல்ல முயன்றிருக்கிறேன். தொழில்முறை மேடைக்குப் போகும் வழி மிகக் குறுகலானது. வகுப்பறைக்குப் போகும் வழி அவ்வளவு குறுகலாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் வாசலிலேயே திரும்பிவிடுகிறார்கள்.

பாலே என்று எதைச் சொல்கிறோம்?

15-ஆம் நூற்றாண்டு இத்தாலிய அரசவைகளின் விருந்துகளிலும் திருமணக் கொண்டாட்டங்களிலும் வளர்ந்து, பிரெஞ்சு அரசவையில் இலக்கணம் பெற்ற நடன வடிவம் பாலே. பதினான்காம் லூயி மன்னர் 1653-இல், தம் 14-ஆவது வயதில், சூரியனாக வேடமிட்டு ஆடினார். 1661-இல் நடனத்துக்கென்றே ஓர் அகாதமியை நிறுவினார். அவருடைய நடன ஆசான் பியேர் போஷாம்ப் பாதங்களுக்கு வகுத்ததாகச் சொல்லப்படும் ஐந்து நிலைகளே இன்றும் எந்த நாட்டு வகுப்பிலும் முதல் பாடம். அசைவுகளின் பெயர்களும் எங்கும் பிரெஞ்சு மொழியிலேயே வழங்குவதால், ஊர்மொழி ஒரு சொல்கூடத் தெரியாத கலைஞர் அந்நிய நகரத்தின் ஸ்டுடியோவுக்குள் நுழைந்து, ஆசிரியர் சொல்வதைக் கேட்டே வகுப்பு முழுவதையும் ஆடிவிட முடியும்.

நுட்பத்தைப் பொறுத்தவரை இரண்டு விஷயங்கள் அடிப்படையானவை. கால்கள் இடுப்பு மூட்டிலிருந்தே வெளிப்புறம் திரும்பியிருக்க வேண்டும். இதை ‘டர்ன் அவுட்’ என்பார்கள். உடல் எப்போதும் மேல்நோக்கி நீண்டு, எடையே இல்லாதது போலத் தோன்ற வேண்டும். வகானோவா, செக்கெட்டி, போர்னொன்வில் எனப் பல பயிற்சி முறைகள் இருந்தாலும், தலை சாயும் கோணமும் கைகளின் வளைவும் பாடங்களின் வரிசையும் மாறுமே தவிர, இந்த அடிப்படை மாறுவதில்லை.

ஒரு நடனக் கலைஞரின் வாழ்வில் பாலேவுக்கு என்ன இடம்?

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் பாலே என்றால் மேடை, ஒளி, வெள்ளை உடை. ஆடுபவர்களிடம் கேட்டால் அவர்கள் முதலில் சொல்வது தினசரி வகுப்பைத்தான். பெரிய குழுக்களில் காலை பத்து மணியளவில் எல்லோரும் கூடுகிறார்கள். நேற்றிரவு முதன்மை வேடத்தில் ஆடியவரும், இந்த வாரம்தான் குழுவில் சேர்ந்தவரும் அதே கம்பியைப் பிடித்துக்கொண்டு, முழங்கால்களை மெல்ல மடக்கி நிமிரும் ‘பிளியே’வில்தான் நாளைத் தொடங்குகிறார்கள். எவ்வளவு புகழ் பெற்றாலும் இந்தப் பயிற்சியிலிருந்து விடுதலை கிடையாது. அப்படி ஒரு விடுதலையைக் கலைஞர்களும் விரும்புவதில்லை. உடல் ஒவ்வொரு நாளும் வேறாக இருக்கிறது, இன்று அது எதற்கு இடம் கொடுக்கும், எங்கே இறுகியிருக்கிறது என்பதை அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் தெரிந்துகொள்கிறார்கள். வாழ்க்கையில் மற்றதெல்லாம் நிலைகுலைந்திருக்கும் காலங்களிலும் இந்த வரிசை மாறாமல் இருப்பது பலருக்குப் பெரும் ஆறுதல்.

இரண்டாவது விஷயம் கூட்டாக ஆடுவது. ‘கோர் த பாலே’ எனப்படும் குழு ஆட்டக்காரர்களை அலங்காரப் பின்னணியாக எண்ணுவது பெரும் அநியாயம் என்று நான் கருதுகிறேன். 1877-இல் மாரியஸ் பெத்திப்பா அமைத்த ‘லா பயதேர்’ நாடகத்தில், நிழலுருவங்கள் ஒவ்வொன்றாகச் சரிவில் இறங்கிவரும் காட்சி ஒன்று உண்டு. ஒவ்வொருவரும் ஒரு காலைப் பின்னால் உயர்த்தி, சற்றுச் சாய்ந்து, நிமிர்ந்து, ஓரிரு அடி நடந்து, மீண்டும் அதையே செய்கிறார்கள். வரிசையில் முதலாவதாக வருபவர் எல்லோரும் இறங்கி முடியும்வரை அதை நிறுத்தாமல் செய்ய வேண்டும். அங்கே ஒருவர் அரை நொடி பிந்தினாலும் பார்வையாளர் கண்ணில் படும். பக்கத்தில் இருப்பவரின் மூச்சைக் கேட்டே அசையப் பழகியவர்கள், அந்த ஒத்திசைவைத் தனி ஆட்டத்தில் கிடைக்கும் கைதட்டலைவிட மேலாக மதிக்கிறார்கள்.

மூன்றாவது, பரம்பரை. பாலேவை எழுதிவைக்கும் குறியீட்டு முறைகள் உண்டு. ரஷ்யப் புரட்சிக்குப் பின் அந்நாட்டுப் பாலே இயக்குநர் நிக்கொலாய் செர்கேயெவ் நாட்டைவிட்டு எடுத்துவந்த குறிப்பேடுகளைக் கொண்டுதான் 1930-களில் லண்டனில் ‘கிசெல்’, ‘ஸ்வான் லேக்’ போன்றவை மேடையேற்றப்பட்டன. ஆனாலும் ஒரு வேடத்தின் உயிர்ப்பகுதி, அதை ஆடியவர் அடுத்தவருக்கு நேரில் சொல்லிக்கொடுத்தே வருகிறது. எந்த இடத்தில் பார்வையைத் தாழ்த்துவது, எந்த ஸ்வரத்தில் ஒரு கணம் தயங்குவது என்பதெல்லாம் தாளில் அடங்குபவை அல்ல. 1841-இல் பாரிஸில் முதலில் ஆடப்பட்ட கிசெல் வேடத்தை இன்று ஏற்கும் இளம் கலைஞர், தனக்கு முன் அதை ஆடியவர்களின் நீண்ட வரிசையில் தானும் போய் நிற்கிறார். அந்த உணர்வு இல்லாமல் இவ்வளவு கடினமான வேலையை இத்தனை ஆண்டுகள் செய்ய முடியாது என்றே நினைக்கிறேன்.

வகுப்பில் அப்படி என்னதான் செய்கிறார்கள்?

முதல் பாதி ‘பார்’ எனப்படும் கைப்பிடிக் கம்பியின் அருகில். அடுத்த பாதி கம்பியை விட்டு அறையின் நடுவில், மெதுவான அசைவுகள், சுழற்சிகள், சிறு தாவல்கள், பெரும் தாவல்கள் என்ற வரிசையில் நடக்கும். இறுதியில் ஆசிரியருக்கும் இசைக்கலைஞருக்கும் வணக்கம் செலுத்தி முடிப்பார்கள்.

‘தாந்து’ என்ற மிக எளிய பயிற்சியைப் பார்த்தால் மற்றவை புரியும். நின்ற நிலையிலிருந்து ஒரு காலை முன்னால் நீட்டுவதுதான் அது. கால் தரையை விட்டு எழும்புவதுகூட இல்லை. ஆனால் முதலில் குதிகால் தரையிலிருந்து பிரிய வேண்டும், பிறகு உள்ளங்கால், பிறகு விரல்களின் அடிப்பகுதி, கடைசியில் விரல்நுனி மட்டும் தரையைத் தொட்டபடி நிற்க வேண்டும். திரும்பி வரும்போது அதே வரிசை தலைகீழாக நடக்க வேண்டும். இதற்கிடையில் இடுப்பு சாயக்கூடாது, நிற்கும் காலின் முழங்கால் தளரக்கூடாது, தோள் உயரக்கூடாது, கம்பியைப் பற்றிய கை அதை இறுக்கிப் பிடிக்கக்கூடாது. முதல் நாளன்று ஐந்து நிமிடத்தில் கற்றுவிடக்கூடிய இந்த அசைவை, ஆயுள் முழுவதும் திருத்திக்கொண்டே இருப்பவர்கள் இருக்கிறார்கள். தாவலிலும் சுழற்சியிலும் பாதம் செய்ய வேண்டிய வேலை முழுவதும் இதற்குள் இருப்பதே அதற்குக் காரணம்.

இவ்வளவு வலியையும் தாங்கிக்கொண்டு ஏன் ஆடுகிறார்கள்?

வலியைப் பெருமையாகப் பேசும் வழக்கம் பாலே உலகில் நெடுங்காலமாக உண்டு. அதை நான் ஏற்கவில்லை. தசைச் சோர்வு வேறு, காயம் வேறு; இரண்டையும் பிரித்தறியக் கற்பிக்காத ஆசிரியர் தம் கடமையில் பாதியைச் செய்யவில்லை. கணுக்கால், பாதம், முழங்கால், இடுப்பு, கீழ்முதுகு ஆகியவை அடிக்கடி காயப்படும் இடங்கள். இன்று பெரிய குழுக்கள் பலவற்றில் உடலியக்கச் சிகிச்சையாளர்களும் வலுப்பயிற்சியாளர்களும் முழுநேரப் பணியில் இருக்கிறார்கள்.

தொழில்வாழ்வும் குறுகியது. பெரும்பாலானவர்கள் முப்பதுகளின் நடுவிலோ இறுதியிலோ மேடையிலிருந்து விலகுகிறார்கள். பாரிஸ் ஓபரா பாலேயில் ஓய்வு வயது 42. பத்து வயதிலிருந்து ‘நான் ஒரு நடனக்காரர்’ என்றே தன்னை அறிந்துவந்தவர் அந்த அடையாளம் இல்லாமல் விழித்தெழும் முதல் ஆண்டு மிகக் கொடுமையானது. அதன் பிறகும் பலர் காலையில் ஒரு கம்பியைத் தேடிப் போகிறார்கள். ஆடத் தேவையில்லாதபோதும் வகுப்புக்கு வரும் அவர்களைப் பார்த்தால், ஏன் ஆடினார்கள் என்று கேட்கத் தோன்றாது.

விரல்நுனியில் நிற்பது எப்படி? பாயிண்ட் ஷூ எல்லோரும் அணிய வேண்டுமா?

அணிய வேண்டியதில்லை. மிருதுவான துணி அல்லது தோல் காலணியோடு ஆயுள் முழுவதும் பாலே ஆடலாம்; ஆண் கலைஞர்களில் பெரும்பாலானவர்களும் தொடக்கநிலையில் இருக்கும் அனைவரும் அப்படித்தான் ஆடுகிறார்கள். 1832-இல் பாரிஸில் ‘லா சில்ஃபீத்’ நாடகத்தில் மரீ தாலியோனி விரல்நுனியில் ஆடிய பிறகுதான் அது பெண் கலைஞர்களின் அடையாளமாயிற்று. அவர் அணிந்தது ஓரங்களில் தையல் போட்டு உறுதியாக்கிய சாதாரண சாட்டின் காலணி.

இன்றைய காலணியின் முன்பகுதி, துணியும் தாளும் பசையும் அடுக்கடுக்காக ஒட்டிக் கெட்டிப்படுத்தப்பட்ட ஒரு கூடு. உள்ளங்காலின் கீழே உறுதியான பட்டை ஒன்று ஓடும். மரமோ இரும்போ உள்ளே இருப்பதாகப் பலர் நம்புவது தவறு. கடையிலிருந்து வந்த காலணியை யாரும் அப்படியே அணிவதில்லை. நாடாவையும் எலாஸ்டிக்கையும் தம் கையாலேயே தைப்பார்கள். பட்டையைத் தம் பாத வளைவுக்கு ஏற்ற இடத்தில் வளைப்பார்கள். கூட்டைத் தரையில் தட்டியோ கதவிடுக்கில் நசுக்கியோ இளக்குவார்கள், சத்தம் குறைவதற்கும் அது உதவும். நுனித் துணியை வெட்டி எடுத்து, வழுக்காதிருக்கப் பிசின் தூளில் மிதிப்பார்கள். இத்தனையும் செய்த காலணி, கடினமான வேடமென்றால், ஒரே இரவில் நைந்துபோகும்.

குழந்தைகளுக்கு இதை எப்போது தொடங்கலாம் என்பதில் அவசரமே கூடாது. ஒழுங்கான பயிற்சி சில ஆண்டுகள் முடிந்து, பாதமும் கணுக்காலும் நடுவுடலும் வலுப்பெற்ற பிறகு, பொதுவாக 11 அல்லது 12 வயதுக்கு மேல்தான் நல்ல ஆசிரியர்கள் அனுமதிக்கிறார்கள். எட்டு வயதுக் குழந்தைக்குப் பாயிண்ட் ஷூ வாங்கச் சொல்லும் பள்ளியிலிருந்து உடனே வெளியேறுவது நல்லது. முறையாகப் பயின்று வலுப்பெற்ற பெரியவர்களும் அணியலாம்; வயது மட்டும் அதற்குத் தடையல்ல.

எந்த வயதில் தொடங்க வேண்டும்? நான் தாமதித்துவிட்டேனா?

தொழில்முறைக் கலைஞராக விரும்பினால், பத்து வயதை ஒட்டித் தீவிரப் பயிற்சி தொடங்குவதே வழக்கம். விதிவிலக்குகள் உண்டு. ரஷ்யக் கலைஞர் ருடால்ஃப் நூரெயெவ் லெனின்கிராடின் புகழ்பெற்ற பள்ளியில் சேர்ந்தபோது அவருக்கு வயது 17. அமெரிக்கக் கலைஞர் மிஸ்டி கோப்லண்ட் 13 வயதில்தான் தொடங்கினார். ஆனால் இவர்களைக் காட்டி ஒரு பதின்பருவப் பிள்ளைக்கு வாக்குறுதி கொடுப்பது சரியல்ல, இருவரும் அபூர்வமானவர்கள்.

ஆடுவதற்காக ஆட விரும்பினால், தாமதம் என்ற ஒன்றே கிடையாது. 1920-இல் லண்டனில் தொடங்கிய ராயல் அகாதமி ஆஃப் டான்ஸ், 55 வயதைக் கடந்தவர்களுக்கென்றே ‘சில்வர் ஸ்வான்ஸ்’ என்ற பெயரில் வகுப்புகளை வகுத்திருக்கிறது. அறுபது வயதில் தொடங்குபவரின் கால் தலைக்கு மேல் உயராமல் போகலாம். அதனால் எதுவும் குறைந்துவிடுவதில்லை. சமநிலை, நிமிர்ந்த தோரணை, இசையோடு அசைவை நினைவில் நிறுத்தும் பழக்கம் ஆகியவை எந்த வயதிலும் வளர்கின்றன. பெரியவர்கள் தவறு செய்ய அதிகம் வெட்கப்படுகிறார்கள் என்பதுதான் நான் கண்ட ஒரே உண்மையான இடர்ப்பாடு. நல்ல ஆசிரியரிடம் சில வாரங்களில் அது கரைந்துவிடும்.

என் உடல் பாலேவுக்கு ஏற்றதா?

இந்தக் கேள்வியைக் கேட்காதவர்களே இல்லை. பதிலும் சற்று நீளமானது.

தொழில்முறைப் பள்ளிகள் குழந்தைகளின் இடுப்பு எவ்வளவு திரும்புகிறது, பாதம் எவ்வளவு வளைகிறது, கால்களுக்கும் முண்டத்துக்கும் உள்ள விகிதம் என்ன என்றெல்லாம் பார்த்தே தேர்ந்தெடுத்துவந்திருக்கின்றன. இதில் ஒரு பகுதி பாதுகாப்பு சார்ந்தது. இடுப்பு மூட்டின் குழி அமைந்திருக்கும் திசை ஆளுக்கு ஆள் மாறும். பயிற்சியால் எலும்பை மாற்ற முடியாது. இடுப்பில் இல்லாத சுழற்சியை முழங்காலிலிருந்தும் கணுக்காலிலிருந்தும் பிடுங்கி வரவழைத்தால் காயம் நிச்சயம். தனக்கு இயல்பாக உள்ள கோணத்தில் நின்று ஆடுபவர் பிழை செய்யவில்லை என்பதை ஆசிரியர் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

மற்றொரு பகுதிக்குப் பாதுகாப்போடு எந்தத் தொடர்பும் இல்லை. அது வெறும் கண் பழக்கம். மிக மெலிந்த, நீண்ட கால்களும் சிறிய தலையும் கொண்ட உடல்தான் அழகு என்ற பார்வை 20-ஆம் நூற்றாண்டில் வலுப்பட்டது. அதற்கு முன் மேடையை ஆண்ட கலைஞர்களின் புகைப்படங்களைப் பார்த்தால், இன்றைய தேர்வுகளில் அவர்களில் பலரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று தோன்றும். இந்தக் கண் பழக்கத்துக்கு ஆடுபவர்கள் கொடுத்த விலை மிகப் பெரியது. உண்ணும் உணவு உழைப்புக்குப் போதாமல் போகும்போது மாதவிடாய் நின்றுபோகிறது, எலும்பு அடர்த்தி குறைகிறது, பாதத்திலும் கணைக்காலிலும் நுண்முறிவுகள் ஏற்படுகின்றன. உணவுச் சீர்கேடுகள் பாலே கலைஞர்களிடையே பொதுமக்களைவிட அதிகம் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்த உண்மை. ஆகவே, வகுப்பில் குழந்தைகளை எடைபோட்டுப் பார்க்கும், உடல்வாகைப் பற்றி எல்லோர் முன்னிலையிலும் பேசும் ஆசிரியரிடம் எவ்வளவு திறமை இருந்தாலும் அங்கே பிள்ளையை விடாதீர்கள்.

பணம் இல்லாதவர்களால் பாலே கற்க முடியுமா?

வாரம் ஒரு வகுப்பு என்றால் பல இடங்களில் முடியும். தொழிலுக்கான பயிற்சி என்றால் கடினம். வகுப்புக் கட்டணத்தைக் காட்டிலும், அதைச் சுற்றியுள்ள செலவே குடும்பங்களை வீழ்த்துகிறது: விரைவில் தேயும் காலணிகள், உடைகள், கோடைக்காலத் தீவிரப் பயிற்சிகள், தேர்வுகளுக்கான பயணங்கள், பிள்ளையைத் தினமும் கொண்டுவிட்டுக் கூட்டிவர ஒருவருடைய நேரம். பத்து ஆண்டுகள் இதைத் தாங்கக்கூடிய குடும்பங்களிலிருந்தே பெரும்பாலான கலைஞர்கள் வருகிறார்கள் என்றால், அதைத் திறமையின் தேர்வு என்று சொல்லிவிட முடியாது.

வேறு விதமாகவும் செய்யலாம் என்பதற்குக் கியூபா நல்ல சான்று. பாலே கலைஞர் அலிசியா அலொன்சோ 1948-இல் ஹவானாவில் தொடங்கிய குழுவுக்கு, 1959 புரட்சிக்குப் பின் அரசின் முழு ஆதரவு கிடைத்தது, பயிற்சி இலவசமாயிற்று, ஆசிரியர்கள் பிள்ளைகளைத் தேடிப் போனார்கள். லாரி ஓட்டுநரின் மகனான கார்லொஸ் அகொஸ்தா அந்த வழியில் வந்து, 1998-இல் லண்டனின் ராயல் பாலேயில் சேர்ந்து, உலகம் அறிந்த கலைஞரானார். அமெரிக்காவில் மிஸ்டி கோப்லண்ட் முதலில் பாலே கற்றது சிறார் மன்றம் ஒன்றின் கூடைப்பந்துத் திடலில் நடந்த இலவச வகுப்பில். இப்படிப்பட்ட வகுப்பு நடக்காத ஊர்களில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்பதை யாராலும் கணக்கிட முடியாது.

உங்கள் ஊரில் உள்ள பள்ளியிடம் உதவித்தொகை உண்டா, காலணிகளை மறுபயன்பாட்டுக்குக் கொடுக்கிறார்களா என்று நேரடியாகக் கேளுங்கள். பல பள்ளிகளில் இந்த வசதி இருந்தும் விளம்பரப்படுத்தப்படுவதில்லை.

தோல் நிறம் இன்னமும் தடையாக இருக்கிறதா?

குறைந்திருக்கிறது, நீங்கிவிடவில்லை. 1955-இல் கறுப்பினக் கலைஞரான ஆர்தர் மிட்செல் நியூயார்க் சிட்டி பாலேயில் சேர்ந்தார். அதே ஆண்டில் ‘பாலே ரூஸ் த மான்டே கார்லோ’ குழுவில் சேர்ந்த கறுப்பினப் பெண் கலைஞர் ரேவன் வில்கின்சன், அமெரிக்கத் தென்மாநிலச் சுற்றுப்பயணங்களில் இனவெறிக் கும்பலின் மிரட்டலைச் சந்தித்து, பின்னர் நெதர்லாந்துக்குப் போய் ஆட வேண்டியதாயிற்று. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறுஆண்டு, 1969-இல், மிட்செல் தம் ஆசிரியர் கேரல் ஷூக்குடன் சேர்ந்து டான்ஸ் தியேட்டர் ஆஃப் ஹார்லெம் குழுவை நிறுவினார். கோப்லண்ட் அமெரிக்கன் பாலே தியேட்டரின் முதன்மைக் கலைஞரானது 2015-இல். அந்தத் தகுதியை அங்கே பெற்ற முதல் ஆப்பிரிக்க-அமெரிக்கப் பெண் அவர். 1661-இல் வேர்விட்ட பாரிஸ் மரபில், எத்வால் என்ற உச்ச நிலைக்கு ஒரு கறுப்பினக் கலைஞர், கீயோம் தியோப், உயர்த்தப்பட்டது 2023-இல்தான்.

காலணியைப் பாருங்கள். பாயிண்ட் ஷூவும் காலுறையும் இளஞ்சிவப்பாக இருப்பதன் நோக்கம், காலின் கோடு இடுப்பிலிருந்து விரல்நுனிவரை அறுபடாமல் தெரிவது. அந்த நிறம் வெள்ளையர் தோலை மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுக்கப்பட்டது. கருத்த காலில் அதே காலணி கோட்டை வெட்டிவிடுகிறது. அதனால் கறுப்பினக் கலைஞர்கள் பல்லாண்டுகளாக ஒவ்வொரு புதிய ஜோடியையும் முகப்பூச்சுப் பசையால் தாங்களே நிறமேற்றி, காய வைத்து, பிறகு அணிந்தார்கள். மற்றவர்கள் ஓய்வெடுக்கும் நேரத்தில் செய்த வேலை அது, செலவும் அவர்களுடையது. கறுப்பின, ஆசியக் கலைஞர்களுக்கான லண்டனின் ‘பாலே பிளாக்’ குழுவோடு இணைந்து, பாலே காலணி தயாரிக்கும் ஃப்ரீட் நிறுவனம் பழுப்பு நிறக் காலணிகளை வெளியிட்டது 2018-இல். ஒரு காலணிச் சாயம் மாற இவ்வளவு காலம் எடுத்தது என்பது எனக்கு இன்றும் வருத்தமளிக்கிறது.

ஆண் பிள்ளைகள் பாலே ஆடலாமா?

தாராளமாக. தொடக்கத்தில் பாலே பெரும்பாலும் ஆண்களின் கலையாகவே இருந்தது; பாரிஸின் பொதுமேடையில் தொழில்முறைப் பெண் கலைஞர்கள் ஆடத் தொடங்கியதே 1681-இல்தான். வகுப்பில் ஒரே ஆண் பிள்ளையாக நிற்பது கடினம் என்பதால், இன்னும் இரண்டு மூன்று பையன்கள் இருக்கும் பள்ளியைத் தேடுவது உதவும்.

மாற்றுத்திறனாளிகளால் ஆட முடியுமா?

ஆடியிருக்கிறார்கள், ஆடிக்கொண்டிருக்கிறார்கள். மேலே குறிப்பிட்ட அலிசியா அலொன்சோவே இளம் வயதில் விழித்திரை பாதிக்கப்பட்டு ஏறக்குறைய பார்வையை இழந்தவர். அறுவைச் சிகிச்சைக்குப் பின் அசையாமல் படுத்திருக்க வேண்டிய மாதங்களில் கிசெல் வேடத்தை மனத்துக்குள்ளேயே ஆடிப் பழகினார். 1943-இல் அதை மேடையில் ஆடினார். மேடை விளிம்பையும் தம் இடத்தையும் அறிந்துகொள்ள வலுவான விளக்குகளையும் உடன் ஆடுபவர்களையும் சார்ந்து, அதன் பிறகும் பல பத்தாண்டுகள் ஆடினார்.

பிரேசிலின் சாவோ பாலோவில் ஃபெர்னாண்டா பியான்கினி 1995-இல் பார்வையற்ற பெண் குழந்தைகளுக்குக் கற்பிக்கத் தொடங்கி, தொடுதலை அடிப்படையாகக் கொண்ட முறை ஒன்றை உருவாக்கினார். கால் எப்படி நீள்கிறது என்பதை மாணவி ஆசிரியரின் காலைத் தொட்டு அறிகிறார், பிறகு தன் உடலில் அதைக் கட்டுகிறார். கண்ணாடி முன் நின்று கற்பதே பாலேவில் நூற்றாண்டுப் பழக்கமாக இருக்க, கண்ணாடி இல்லாமலே அதே நுட்பத்தைக் கற்பிக்க முடியும் என்பதை அந்த மாணவிகள் மேடையில் நிரூபித்தார்கள். கண்ணாடியையே பார்த்து ஆடுபவர்கள் தம் எடை எந்தக் காலில் இருக்கிறது என்பதை உணரத் தவறுவதைப் பார்த்த ஆசிரியர்களுக்கு, இதில் எல்லா மாணவர்களுக்குமான பாடம் ஒன்றும் தெரியும்.

பார்க்கின்சன் நோய் உள்ளவர்களுக்கு நியூயார்க்கின் புருக்ளின் பகுதியில் மார்க் மாரிஸ் நடனக் குழு 2001-இல் தொடங்கிய வகுப்புகள் பல நாடுகளுக்குப் பரவின. இங்கிலிஷ் நேஷனல் பாலேயும் அத்தகைய வகுப்புகளை நடத்திவருகிறது. நடக்கத் தொடங்கும்போது கால் உறைந்து நின்றுவிடுவது அந்த நோயின் துன்பங்களில் ஒன்று. சீரான தாளம் வெளியிலிருந்து கிடைக்கும்போது அடி எடுத்துவைப்பது எளிதாகிறது. ஆனால் அங்கே வருபவர்களை நோயாளிகளாக நடத்தாமல் நடனக்காரர்களாக நடத்துவதே அந்த வகுப்புகளின் சிறப்பு. நாற்காலியில் அமர்ந்தபடியே கைகளின் ஐந்து நிலைகளையும் தலையின் திருப்பத்தையும் மேல்நோக்கிய நீட்சியையும் முழுமையாகச் செய்யலாம். சக்கர நாற்காலியில் ஆடுபவர்களும் மேடையேறுகிறார்கள்.

தடை பெரும்பாலும் கட்டடத்தில் இருக்கிறது: மாடியில் இருக்கும் ஸ்டுடியோ, லிஃப்ட் இல்லாத படிக்கட்டு, குறுகிய உடைமாற்றும் அறை. சேரும் முன் இவற்றைப் பற்றிக் கேளுங்கள். கேட்பவர்கள் கூடினால்தான் மாறும்.

பாலேவைப் பார்க்க முன்னறிவு வேண்டுமா? டிக்கெட் வாங்க வசதி இல்லையென்றால்?

முன்னறிவு வேண்டாம். கதைச்சுருக்கத்தை ஐந்து நிமிடம் படித்துவிட்டுப் போனால் போதும். பழைய நாடகங்களில் சில கைச்சைகைகளுக்கு நிலையான பொருள் உண்டு: மோதிர விரலைத் தொட்டுக் காட்டினால் திருமணம், முகத்தைச் சுற்றிக் கையை வட்டமாகக் கொண்டுபோனால் அழகு, கைகளைத் தலைக்குமேல் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுழற்றினால் நடனம், மணிக்கட்டுகளைக் கீழே குறுக்காக வைத்தால் மரணம். இவற்றை அறிந்துகொண்டால் ‘ஸ்வான் லேக்’ இன்னும் தெளிவாகப் புரியும்.

பெரிய அரங்குகளின் நல்ல இருக்கைகள் விலை உயர்ந்தவைதாம். மேல்தளத்து மலிவான இருக்கைகளைத் தாழ்வாக எண்ண வேண்டாம். குழு ஆட்டத்தின் கோலம் அங்கிருந்துதான் முழுமையாகத் தெரியும். திரையரங்க ஒளிபரப்புகளும் உண்டு. 2014 முதல் நடந்துவரும் ‘வேர்ல்ட் பாலே டே’ அன்று உலகின் பெரிய குழுக்கள் தங்கள் காலை வகுப்பையும் ஒத்திகையையும் இணையத்தில் இலவசமாகக் காட்டுகின்றன. நிகழ்ச்சியைவிட அதையே முதலில் பாருங்கள் என்பது என் பரிந்துரை. பார்வையற்றோருக்கு ஒலிவழி விவரணையும் உடைகளைத் தொட்டறியும் ஏற்பாடும், கூச்சலும் இருட்டும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு விளக்குகளை முழுவதும் அணைக்காத, எழுந்து நடமாட அனுமதிக்கும் காட்சிகளும் சில குழுக்களிடம் உண்டு.

வீட்டிலிருந்தே காணொளி பார்த்துக் கற்கலாமா?

ஏற்கெனவே பயின்றவர்கள் பயிற்சியைத் தொடரலாம். புதியவர்கள் முதல் சில மாதங்களையாவது நேரில் கற்பது நல்லது; முழங்கால் விரல்களின் திசைக்கு நேராக மடிகிறதா என்பதை இன்னொருவர் கண்தான் பிடிக்கும். எப்படியானாலும் வழுக்கும் தரையிலும், சிமெண்டுத் தரையிலும் தாவிக் குதிக்க வேண்டாம்.

முதல் வகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது எவற்றைப் பார்க்க வேண்டும்?

சேரும் முன் ஒரு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள்; மறுத்தால் காரணம் கேளுங்கள். தரை குதிக்கும்போது சற்று இளகிக்கொடுக்கிறதா என்று காலால் அழுத்திப் பாருங்கள். ஆசிரியர் தொட்டுத் திருத்தும் முன் அனுமதி கேட்கிறாரா, முன்வரிசையில் இருப்பவர்களுக்கு மட்டும் சொல்கிறாரா, கடைசியில் தடுமாறுபவரிடமும் போகிறாரா என்பதைக் கவனியுங்கள். ஒரே பயிற்சிக்கு இரண்டு மூன்று மாற்று வடிவங்களைச் சொல்லிக் கொடுப்பவர், பலவகை உடல்களுக்குக் கற்பித்துப் பழகியவர்.

உடைக்காக முதல் நாளிலேயே செலவழிக்க வேண்டாம். முழங்கால் தெரியும்படி உடலோடு ஒட்டிய எந்த உடையும், ஒரு ஜோடி காலுறையும் போதும். மிருதுவான காலணியைச் சில வகுப்புகளுக்குப் பிறகு, ஆசிரியரிடம் காட்டி, வளர இடம் விடாமல் காலுக்குச் சரியாகப் பொருந்தும்படி வாங்குங்கள். பழைய காயம், மூட்டுவலி, கர்ப்பம் ஏதேனும் இருந்தால் வகுப்பு தொடங்கும் முன்பே ஆசிரியரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். கம்பியில் இடம் பிடிக்கும்போது இரு புறமும் பழகியவர்கள் நிற்கும் நடு இடத்தைத் தேர்ந்தெடுங்கள்: பயிற்சியின் பாதியில் எல்லோரும் மறுபக்கம் திரும்புவார்கள், அப்போதும் பார்த்துப் பின்பற்ற உங்கள் முன்னால் ஒருவர் இருப்பார்.